சான்றைப் படித்த பிறகும் கருத்து மாறாதது ஏன்?

கேள்வி:
மரண தண்டனையால் கொலைகள் குறைகின்றனவா என்று எங்கள் நண்பர்கள் குழுவில் அண்மையில் விவாதம் நடந்தது. இரு தரப்பினரும் ஒரே ஆய்வறிக்கையைப் படித்துவிட்டு, அது தத்தம் பழைய நிலைப்பாட்டுக்கே வலுச் சேர்ப்பதாகச் சொன்னார்கள். சான்றுகளால் யாருடைய கருத்தும் மாறாது என்றால், விவாதிப்பதில் பொருள் உண்டா?

மறுமொழி 1:
நீங்கள் கண்டது ஆய்விலும் பதிவாகியிருக்கிறது. 1979-இல் சார்லஸ் லார்டு, லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர், மரண தண்டனையை ஆதரித்த 24 மாணவர்களிடமும் எதிர்த்த 24 மாணவர்களிடமும், ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் கொண்ட இரண்டு ஆய்வுகளைக் கொடுத்தார்கள். தமக்கு ஒத்துவந்த ஆய்வை நம்பகமானது என்று மதிப்பிட்டவர்கள், மற்றதன் முறையில் குறைமேல் குறை கண்டார்கள். இறுதியில் இரு தரப்பும் முன்னைவிட உறுதியாகிவிட்டதாகவே தெரிவித்தன. இதை மேற்கோள் காட்டுவோர் பலரும் 1984-இல் வந்த தொடர் ஆய்வை விட்டுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. அதில், நடுநிலையோடு படியுங்கள் என்று கேட்டுக்கொண்டதால் பெரிய பயன் விளையவில்லை. ஆனால், இதே ஆய்வு எதிர்முடிவைத் தந்திருந்தாலும் இப்படித்தான் மதிப்பிட்டிருப்போமா என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளச் சொன்னபோது அந்தச் சாய்வு குறைந்தது.

மறுமொழி 2:
சான்று காட்டினால் எதிர்த்தரப்பினர் இன்னும் இறுகிவிடுவார்கள் என்ற எண்ணம், பிரெண்டன் நைஹன், ஜேசன் ரைஃப்ளர் ஆகியோரின் 2010 ஆய்வுக்குப் பிறகு பரவலானது. தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 10,000-க்கும் மேற்பட்டோரிடம் 52 விஷயங்களைச் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்விலோ, அந்த எதிர்விளைவு அநேகமாகத் தென்படவே இல்லை. ஆனால் தகவல் திருந்துவதும் நிலைப்பாடு மாறுவதும் ஒன்றல்ல. தண்டனையால் கொலைகள் குறையவில்லை என்று ஒப்புக்கொள்பவர்கூட, கொலைக்கு அதுவே நியாயமான தண்டனை என்று கருதி ஆதரிக்கலாம். அவரிடம் மேலும் புள்ளிவிவரங்களை அடுக்குவது, அவர் எழுப்பாத கேள்விக்குப் பதில் சொல்வதாகவே முடியும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் அடுத்த முறை எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 3:
ஆய்வறிக்கையைப் பிரிப்பதற்கு முன்பே, எத்தகைய சான்று கிடைத்தால் தம் நிலைப்பாட்டை மறுபரிசீலனை செய்வார்கள் என்று ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், நீங்களும் எழுதுங்கள். முடிவு தெரிந்தபின் அளவுகோலை மாற்றுவது அப்போது எளிதாக இருக்காது. தமக்கு எந்தப் புள்ளிவிவரமும் பொருட்டல்ல, இது நியாயம் பற்றியது என்று ஒருவர் எழுதினால், அவரோடு பேச வேண்டியது நிரபராதி ஒருவர் தூக்கிலிடப்படும் வாய்ப்பைப் பற்றியே தவிர, கொலைகளின் எண்ணிக்கையைப் பற்றி அல்ல.