நரம்பியல் ரீஹேப் வார்டில் தங்கி எடுத்த சிகிச்சை: பலன் இருந்ததா?

வெண்மதி:
அப்பாவுக்கு மூளையின் வலப்பக்கம் ஸ்ட்ரோக். ஐசியூ, வார்டு, அப்புறம் ரீஹேப், தெரிந்த கதைதான். ஒருநாள் காலையில் சவரம் முடித்து, "நல்லா இருக்காம்மா?" என்றார். முகத்தின் வலப்பாதி வழுவழு. இடப்பாதியில் தாடி அப்படியே. கண் தெரியாமல் இல்லை, அவர் மூளைக்கு அந்தப் பக்கமே கிடையாது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சிரிக்கவில்லை. கண்ணாடியின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, "டேப் தெரியுற வரைக்கும் தலையைத் திருப்புங்கப்பா" என்றார். பழகினார். பார்த்தெல் ஸ்கோர், அதாவது சாப்பிட, குளிக்க, நடக்கத் தன்னால் எவ்வளவு முடியும் என்று நூற்றுக்குப் போடும் மார்க், 35-ல் இருந்து 75 ஆனது. வீட்டில் பாத்ரூமுக்குத் தனியாகப் போகமாட்டேன் என்கிறார். அப்போ அந்த 75 அவருடையதா, வார்டுடையதா?

கோடைமழை:
தம்பிக்கு ஜிபிஎஸ் (கில்லன்-பாரே சிண்ட்ரோம்), உடம்பின் எதிர்ப்புசக்தியே நரம்புகளின் உறையைத் தாக்கி கைகாலை முடக்கும் நோய். வென்டிலேட்டரில் கண் மட்டும்தான் அசையும். ரீஹேப்பில் பெருவிரல் அசைந்த அன்று பிசியோ கைதட்டினார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நரம்புறை தானாக வளருது, பேரு உங்களுக்கா? ஜிபிஎஸ் பெரும்பாலோருக்குத் தானே இறங்கும். வீட்டில் இருந்திருந்தாலும் நடந்திருப்பான்.

பழையரேடியோ:
கோடைமழை, நடந்திருப்பார் சரி, குதிகால் தரையில் பட்டிருக்குமா? மாசக்கணக்கில் அசையாத காலில் கெண்டைச்சதை சுருங்கிப் பாதம் கீழ்நோக்கி இறுகிடும். நரம்பு திரும்பி வரும்போது மூட்டு வளையணுமே! பாதம் இறுகாமல் நிமிர்த்திப் பிடிக்கிற ஸ்ப்ளின்ட் போட்டதும் புண் வராமல் புரட்டிப் போட்டதும் யார்?

என் அம்மாவுக்குப் பேச்சு போச்சு. தண்ணீர் கேட்க "சாவி, சாவி" என்பார். அவ்வளவுதான் என் கதை.

வெண்மதி, அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீங்க, தளர்ந்த தோள் மூட்டு நழுவிடும். டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே தெரபிஸ்ட் வீட்டைப் பார்த்திருக்கணும். வார்டில் கழிப்பறை அகலம், கைப்பிடி, கூப்பிட்டால் நர்ஸ். அதில் எடுத்த மார்க் வீட்டுக்குச் செல்லாது. பாத்ரூமில் கம்பி போடுங்க. தெரபியை வீட்டில் தொடருங்க. அதுக்காக அதிகம்னாலே நல்லதுன்னும் நினைக்காதீங்க. 2015-ல் வந்த அவெர்ட் ஆய்வில், ஸ்ட்ரோக் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடக்கவிட்டவங்களுக்கு 3 மாசத்தில் பலன் குறைவாத்தான் இருந்தது. அப்பா அந்தக் கட்டம் தாண்டியாச்சு, சும்மா சொன்னேன்.

கோடைமழை:
ஸ்ப்ளின்ட் நான் போட்டேன். நர்ஸ் கத்துக்கொடுத்தாங்க, நான் போட்டேன்.

வெண்மதி:
கம்பி போட்டாச்சு. பிடிக்கமாட்டேங்கிறார். இப்பதான் உறைக்குது, அது உள்ளே போகும்போது இடப்பக்கம் இருக்கு. வலப்பக்கம் மாத்தணுமா, இல்லை டேப் ஒட்டிப் பழக்கணுமா?