ஏற்றத்தில் இடையிடையே நின்றுவிடும் பழைய டீசல் கெப்: பம்பைக் கழற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

லிந்துலைத் தோட்டக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 1994ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப் ஒன்று இருக்கிறது. எல்என்106 வகையைச் சேர்ந்த அதில் இருப்பது 3எல் டீசல் எஞ்சின். கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு நுவரெலியாப் பொருளாதார மத்திய நிலையத்துக்கும், சில வேளைகளில் தம்புள்ளைக்கும் போய்வருவதற்கு எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே வாகனம் இதுதான்.

சென்ற மழைக்காலம் முடிந்ததிலிருந்து, பாரத்துடன் நானுஓயாப் பக்கம் ஏறும்போது எஞ்சின் இடையிடையே நின்றுவிடுகிறது. எல்லா நாட்களிலும் அப்படி நடப்பதில்லை. நின்ற இடத்திலேயே சில நிமிடங்கள் விட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காதது போல மீண்டும் இயங்குகிறது. தம்புள்ளைப் பக்கத்துச் சமதரையில் ஒரு தடவைகூட நின்றதில்லை. கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே நல்ல முறையில் ஓடுவதால், திருத்துபவர்களுக்கும் எதைப் பார்ப்பதென்று புரியவில்லை. டீசல் பில்டரையும் பற்றரியையும் மாற்றியாகிவிட்டது. இப்போது டீசல் பம்பைக் கழற்றி முழுமையாகத் திருத்த வேண்டும் என்று சொல்கிறார்கள். அதற்குக் கேட்கும் தொகை எங்களுக்கு ஒரு போகத்து விளைச்சலின் இலாபத்தை விட அதிகம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கெப்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியும் புதிய வாகனம் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. ஆகவே இந்த வாகனத்தையே நம்பியிருக்கிறோம்.

பம்பில் கை வைப்பதற்கு முன்பு, குறை எங்கே இருக்கிறது என்பதை நாங்களே சோதித்து உறுதிப்படுத்திக்கொள்ள வழி இருந்தால் தயவுசெய்து விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஹட்டன் மெக்கானிக்:

தம்பி, பம்பைக் கழற்ற வேண்டாம். இந்த எஞ்சினில் பம்ப் பழுதாவது உண்டு. ஆனால் தேய்ந்துபோன பம்ப் பொதுவாகக் காலையில் இயக்குவதற்குச் சிரமம் தரும், சூடான பிறகு மீண்டும் இயங்க மறுக்கும், இழுவையும் நாளுக்கு நாள் குறையும். சில நிமிடங்களில் தானாகவே சரியாகி, இறக்கத்திலும் சமதரையிலும் குறையே காட்டாமல் ஓடும் வாகனத்தில் நான் பம்பைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன்.

முதலில் ஒரு விடயத்தைக் கவனித்துச் சொல்லுங்கள். எஞ்சின் நிற்கும்போது எப்படி நிற்கிறது? சாவியை அணைத்தது போல ஒரே கணத்தில் அடங்கிவிட்டால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். முதலில் இழுவை குறைந்து, ஏறியும் இறங்கியும் திணறி, பின்பு நின்றால் டீசல் போதிய அளவில் பம்புக்கு வந்து சேரவில்லை என்று பொருள். இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்காமலே பாகங்களை மாற்றத் தொடங்குவதால்தான் உழைத்துச் சம்பாதித்தவர்களின் பணம் வீணாகிறது.

டீசல் பக்கம்தான் என்றால் இந்த எஞ்சினின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். டீசல் தாங்கிக்குள் இருந்துகொண்டு டீசலை எஞ்சின் பக்கம் தள்ளிவிடும் மின் பம்ப் எதுவும் இதில் கிடையாது. டீசல் பம்புக்குள்ளேயே இருக்கும் சிறிய பகுதியொன்று, பின்னால் உள்ள தாங்கியிலிருந்து பில்டர் வழியாக டீசலை உறிஞ்சி எடுக்கிறது. எனவே தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் எங்காவது நுண்ணிய வெடிப்பு இருந்தால், எஞ்சின் ஓடும்போது அதன் வழியாக டீசல் வெளியே கசியாது, வெளிக்காற்று உள்ளே போகும். கீழே ஈரமில்லை, டீசல் மணமும் இல்லை என்பதை வைத்துக் குழாய்கள் நல்லவை என்று முடிவு செய்துவிடக் கூடாது. முப்பது ஆண்டு பழைய இறப்பர் ஹோஸ்கள், வெளியே நன்றாகத் தெரிந்தாலும், கிளிப் இறுக்கும் இடத்தில் வெடித்திருக்கும்.

அடுத்த தடவை வாகனம் நின்றவுடன், சாவியைத் திருப்புவதற்கு முன்பு, பில்டரின் மேலுள்ள கைப் பம்பைத் தொட்டுப் பாருங்கள். அது தளர்ந்து, பல தடவை அழுத்திய பிறகே இறுகினால் காற்று புகுந்திருக்கிறது. அழுத்திய நிலையில் உறிஞ்சப்பட்டுக் கீழேயே ஒட்டிக்கொண்டு, மேலே எழும்ப மறுத்தால் தாங்கிப் பக்கம் ஏதோ அடைத்திருக்கிறது. அந்த நேரத்திலேயே தாங்கியின் மூடியையும் திறந்து பாருங்கள்; காற்று இழுபடும் சத்தம் கேட்டால் மூடியிலுள்ள காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டிருக்கலாம். தோட்டப் பாதைகளில் ஓடும் வாகனங்களில் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

காற்று புகுவதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால், பில்டருக்கும் பம்புக்கும் இடையில் டீசலைத் தாங்கக்கூடிய நிறமற்ற குழாய்த் துண்டொன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி, குமிழிகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

வெலிமடை வாசகர்:

எங்கள் பக்கத்திலும் இப்படி நின்ற வாகனம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவாக இருப்பது காரணமாக இருக்கலாம் அல்லவா? அல்லது தாங்கிக்கும் பில்டருக்கும் இடையில் சிறிய மின் பம்ப் ஒன்றைப் பொருத்திவிட்டால் இந்தச் சிரமம் தீர்ந்துவிடாதா? விலையும் பெரிதாக இல்லை.

அப்புத்தளை வயரிங்:

உயரத்தால் இது நேராது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கு காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் கரும்புகை கூடும், இழுவை குறையும்; எஞ்சின் திடீரென்று நிற்காது. அப்படியிருந்தால் நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் ஓடும் எல்லா வாகனங்களும் அதே வளைவுகளில் நின்றிருக்க வேண்டும்.

மின் பம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை இடையில் பொருத்தினால் காற்று புகும் வெடிப்பு சில காலம் மறைந்திருக்கும், பின்பு அதே இடத்தில் டீசல் கசியத் தொடங்கும். தாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருந்தால் அந்தப் பம்பும் வெறுமனே இழுத்துச் சூடாகிக் கெட்டுவிடும். குறையைக் கண்டுபிடிப்பதற்கு முன்பு அதைப் பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

மின்சாரப் பக்கத்தைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. டீசல் பம்பின் மீது, ஒற்றை வயர் வந்து சேரும் சொலினொயிட் ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பியதும் 12 வோல்ற் கிடைத்து, அது டீசல் வழியைத் திறந்து வைக்கிறது. அந்த மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் எஞ்சின் அடங்கிவிடும். அந்த முனையிலிருந்து சிறிய பியூஸ் ஒன்றுடன் வயர் இழுத்து, வண்டிக்குள் சாரதி பார்க்கக்கூடிய இடத்தில் 12 வோல்ற் பல்ப் ஒன்றை இணைத்து, மறுமுனையை எர்த் செய்துவிடுங்கள். எஞ்சின் அடங்கும் அந்தக் கணத்தில் பல்ப் அணைந்தால் சாவிச் சுவிட்ச், பியூஸ் பெட்டி, இடையிலுள்ள இணைப்புகள் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள். எங்கள் பகுதியின் மூடுபனியிலும் ஈரத்திலும் பியூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்து, குலுங்கும்போது மட்டும் தொடர்பு விடுவது சாதாரணமாக நடக்கிறது. பல்ப் எரிந்துகொண்டே இருக்க எஞ்சின் நின்றால் வயரிங்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சொலினொயிட்டின் உட்சுருள் சூட்டில் அறுந்து, ஆறியதும் மீண்டும் தொடர்புகொள்வதும் உண்டு. அதனால் நின்றவுடன் சாவியை அணைத்து மீண்டும் திருப்பி, அது ‘டக்’ என்று ஒலிக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

லிந்துலைத் தோட்டக்காரன்:

உங்கள் இருவருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி. பல்பை இணைத்துக்கொண்டு வழக்கமான பாரத்துடன் அதே பாதையில் ஏறினோம். நானுஓயாவுக்கு முன்பாக இழுவை குறைந்து, இரண்டு மூன்று தடவை திணறி எஞ்சின் நின்றது. பல்ப் கடைசி வரை எரிந்துகொண்டிருந்தது. சாவியைத் திருப்பியபோது சொலினொயிட்டின் ஒலியும் தெளிவாகக் கேட்டது. என் தம்பி இறங்கிப் போய்க் கைப் பம்பை அழுத்தியபோது, அது கீழேயே ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் மேலே வந்தது. தாங்கியின் மூடியைத் திறந்தபோது எந்தச் சத்தமும் இல்லை.

யோசித்துப் பார்த்ததில், தாங்கியில் டீசல் பாதிக்குக் கீழே இருந்த நாட்களில்தான் வாகனம் நின்றிருக்கிறது என்று அப்பா சொல்கிறார். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பீப்பாயில் சேமித்து வைத்த டீசலையும் இதே தாங்கியில்தான் ஊற்றி ஓடினோம். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

ஹட்டன் மெக்கானிக்:

தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன், தம்பி. நீங்கள் கவனித்துச் சொன்ன விதத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. பல்ப் எரிந்தது, கைப் பம்ப் கீழே ஒட்டியது, மூடியில் சத்தமில்லை என்ற மூன்றும் சேர்ந்து, தாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலையையோ, அங்கிருந்து பில்டர் வரை வரும் குழாயையோதான் காட்டுகின்றன. நீண்ட நாள் பீப்பாயில் கிடந்த டீசலில் நீர் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்பான சளி போன்ற படிவாகத் தாங்கியின் அடியில் சேர்ந்துவிடும். எங்கள் மலையகத்துக் குளிரில், பாதி வெறுமையான தாங்கியின் உட்சுவரில் இரவில் ஈரம் கோர்ப்பதும் அந்த நீரைக் கூட்டுகிறது. அடியில் கிடக்கும் இந்தப் படிவு, டீசல் குறைவாக இருக்கும்போது ஏற்றத்தில் குலுங்கிக் கலங்கி வலையில் ஒட்டுகிறது. பாரத்துடன் ஏறும்போது எஞ்சினுக்கு டீசல் அதிகம் தேவைப்படுவதால் உறிஞ்சலும் கூடி, வலை இறுக அடைக்கிறது. எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் நின்று, படிவு வலையை விட்டு விலகிவிடுகிறது. அதனால்தான் சில நிமிடங்களுக்குப் பிறகு வாகனம் ஒழுங்காக ஓடுகிறது, கராஜில் யாரும் குறையைக் காண முடிவதில்லை.

தாங்கியைக் கழற்றும் சிரமத்துக்கு முன்பு உறுதி செய்துகொள்ளுங்கள். சுத்தமான டீசல் நிரப்பிய கேன் ஒன்றைப் பின்தட்டில் அசையாமல் கட்டி, அதிலிருந்து புதிய ஹோஸ் மூலம் பில்டரின் உள்வாய்க்கு நேரே இணைத்து அதே ஏற்றத்தில் அதே பாரத்துடன் ஓடிப் பாருங்கள். கேனை எஞ்சினை விட உயரத்தில் வைக்க வேண்டாம். அப்படி வைத்தால் டீசல் தானாகவே இறங்கி வந்து, பில்டர் பக்கத்தில் காற்று புகும் இடம் இருந்தாலும் அதை மறைத்துவிடும். திரும்பும் குழாய் தாங்கிக்கே போவதால் கேனில் டீசல் எதிர்பார்த்ததை விட விரைவாகக் குறையும். போதிய அளவு நிரப்பிக்கொள்ளுங்கள். இப்படி ஓடும்போது வாகனம் நிற்கவில்லையென்றால் பம்புக்குக் குறை இல்லை.

அதன் பிறகு டீசலை வடித்துத் தாங்கியை இறக்கி, உறிஞ்சு குழாயை வெளியே எடுத்து வலையைப் பாருங்கள். தாங்கியைச் சுத்தமான டீசலால் பல தடவை அலசி, படிவு வருவது நின்ற பிறகே பொருத்த வேண்டும். துரு ஓட்டை தெரிந்தால், காலியான தாங்கிதானே என்று எண்ணி ஒருபோதும் வெல்டிங் செய்ய விடாதீர்கள். உள்ளே தங்கும் ஆவி வெடித்து உயிரையே எடுக்கும். இரும்புக் குழாய்க்குக் காற்று அடிப்பதானால் இரு முனையையும் கழற்றிவிட்டு, பில்டர் முனையிலிருந்து பின்னோக்கி அடிக்க வேண்டும். இறப்பர் ஹோஸ்களையும், மூட்டுகளிலுள்ள செப்பு வளையங்களையும் இந்தச் சந்தர்ப்பத்திலேயே புதிதாக மாற்றிவிடுங்கள். நீர்க் குழாய்க்கு உரிய ஹோஸைப் போட்டால் டீசல் அதை உப்பவைத்து உள்ளே அடைத்துவிடும். புதிதாகப் போட்ட பில்டரிலும் இந்தப் படிவு சேர்ந்திருக்கும் என்பதால் அதையும் மாற்றி, அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து நீர் வருகிறதா என்று சில வாரங்களுக்கு அடிக்கடி பாருங்கள்.

இந்த வேலை முடியும் வரை பாரம் ஏற்ற வேண்டாம். ஏற்றியே ஆக வேண்டுமென்றால் தாங்கியை நிரப்பிக்கொண்டு போங்கள். ஏற்றத்தில் நின்றால் உடனே சில்லுக்குப் பின்னால் கட்டை போடுவதற்கு ஒருவர் கூட இருக்க வேண்டும். இறக்கத்தில் நின்றால் கிளச்சை மிதிக்கவோ நியூட்ரலுக்கு மாற்றவோ கூடாது. இந்த எஞ்சினில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்ப் ஒல்ற்றர்னேற்றரின் பின்புறத்தில் இருக்கிறது. கியரில் இருக்கும் வரை சில்லுகள் எஞ்சினைச் சுழற்றும், அந்தப் பம்பும் சுழலும். கியரை விட்டால் ஓரிரு மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ரதெல்ல குறுக்குப் பாதையைப் போன்ற செங்குத்தான இறக்கங்களுக்கு இந்த நிலையில் வாகனத்தைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கேனில் இணைத்து ஓடியும் எஞ்சின் நின்றால் மட்டும் பம்பைக் கழற்றி, சோதனை மேசை வைத்திருக்கும் டீசல் கராஜ் ஒன்றுக்கு அனுப்புங்கள். அங்கே அளந்து பெற்ற எண்களைப் பார்த்த பிறகே திருத்தும் தொகையைப் பற்றிப் பேசுங்கள்.