பரணைக் காலி பண்ணிய கதைகள்: மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டைக்காரி:
2019 போகிக்கு இரண்டு நாள் முன்பு. பரணில் பிளாஸ்டிக் குடம் மட்டும் பதினொன்று இருந்தது. நாலு விளிம்பு உடைந்தது, ஒன்று அடியில் சூடு போட்டு ஒட்டியது. அம்மா ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து அத்தனையையும் பழைய சாமான் வண்டிக்காரரிடம் போட்டுவிட்டேன். அவர் கொடுத்த காசு டீ செலவுக்குக்கூடக் காணாது. பரண் காலியானதே எனக்குப் பெரிதாக இருந்தது. திரும்பி வந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

சென்னையில் அந்த வருஷம் ஜூன் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரி நாலும் வறண்டு, லாரி வந்தால்தான் தண்ணீர். ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன், தெருமுனையில் லாரி நிற்கிறது. வரிசையில் எல்லோர் கையிலும் கலர் கலராகக் குடம். என் அம்மா கையில் குக்கர். கேஸ்கட் கழற்றிய ஐந்து லிட்டர் குக்கர், காலடியில் இட்லிப் பானை. என்னைப் பார்த்துவிட்டு, "நீ போய் டீ போடு, நான் புடிச்சினு வரேன்" என்றார். இன்று வரைக்கும் அந்தக் குடங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கொருக்குப்பேட்டை:
மேலே எழுதியவருக்கு: குடத்தைப் போட்டது தப்பில்லை, கேட்காமல் போட்டதுதான் தப்பு. உடைந்த நாலைப் போட்டுவிட்டு ஏழை வைத்திருக்கலாம். சரி, என் கதை வேறு.

பேப்பர் கட்டோடு அப்பாவின் பழைய வேலை பாஸும் போய்விட்டது. அம்மாவின் பென்ஷனுக்கு அது வேண்டும் என்று தெரிந்தது நாலு நாள் கழித்து. கடைக்கு ஓடினேன். லோடு நேற்றே போயிடுச்சே என்றார் கடைக்காரர். என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, தராசுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினார். "போட்டோ ஒட்டுனது எதையும் லோடுல போட மாட்டேன் சார். இதுல பாருங்க."

திறந்தால் உள்ளே முழுக்க முகங்கள். பேங்க் பாஸ்புக், கம்பெனி அடையாள அட்டை, பெண் பார்க்க எடுத்த கருப்பு வெள்ளைப் படம். அப்பா ஏறக்குறைய அடியில் இருந்தார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அவருக்கு மேலே ஒரு பல்லவன் பஸ் பாஸ் இருந்தது, 1991. இரட்டைச் சடை, ரிப்பன், பள்ளிக்கூடத்துப் பெண். அந்தப் பெண்ணைத் தேடி யாரும் வரவில்லை போலிருக்கிறது. இப்போது அவருக்கு இருக்கக்கூடிய வயதில் யாராவது பஸ்ஸில் ஏறினால் ஒரு நொடி உற்றுப் பார்த்துவிடுகிறேன். என் மனைவிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பெரம்பூர் பெரியவர்:
அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவியை எந்தக் கடையும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு பையன் சும்மா வாங்கிப் போனான். மறுநாள் ரயில்வே சுவர் ஓரம் அதன் பிக்சர் டியூப் உடைந்து கிடந்தது. செம்புக் கம்பியை மட்டும் உருவியிருக்கிறான். அந்தக் கண்ணாடியில் காரீயம் உண்டு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடம் அது. என் கதை அவ்வளவுதான்.

இப்போது எல்லோருக்கும் சில விஷயம். காயலான் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே எடை போட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் இரும்போடு சேர்த்துத் தராசில் ஏற்ற விடாதீர்கள். பித்தளை தனி, செம்பு தனி, அலுமினியம் தனி. பாட்டி காலத்து ஈயச் சொம்பை அலுமினிய விலைக்குக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், அது வெள்ளீயம், விலையே வேறு. அசல் ஜரிகைப் புடவையில் வெள்ளி இருக்கிறது, தெருவில் வருகிறவர் சொல்லும் முதல் விலைக்கு மயங்கக் கூடாது. பழைய போனைப் போடும் முன் உள்ளே இருப்பதை அழித்துவிடுங்கள். மெத்தை, சோபாவை ராத்திரியில் கால்வாய் ஓரம் தள்ளுகிறவர்களே, 1913க்குப் போன் செய்து மாநகராட்சிக்காரர்களிடம் கேட்கலாமே. போகியன்று ரெக்சின், வயர், டயர் எரிப்பவர்களுக்கு என்ன சொல்வது? அந்தப் புகையில் விமானமே இறங்க முடியாமல் திரும்பியிருக்கிறது. நாம் தூக்கிப் போடுவது எங்கேயோ மறைந்துவிடுகிறதா? கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் மலையாக நிற்கிறது. காற்று திரும்பினால் வாசனை நம் வீட்டுக்கே வருகிறது. குடம் பதிவு போட்ட அம்மணிக்கு: ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் பக்கெட்டாக வாங்கினால் பரண் அடையாது.

எர்ணாவூர்:
பெரியவர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் தரம் பிரிக்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. சுவரில் இடுப்பளவுக்குக் கருப்புக் கோடு, பீரோவில் கீழ்த்தட்டு முழுக்க நாசம். மெத்தை, பாய், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் தெருவுக்குப் போனது. முகூர்த்தப் புடவையை மட்டும் நாலு தடவை அலசி வைத்திருந்தேன்.

ஆறு மாதம் கழித்து, துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மா வந்தாங்க. மற்ற துணியோடு அதையும் வைத்தேன். அவங்க பிரித்துப் பார்க்கவில்லை, மூக்கருகே கொண்டு போனாங்க, அவ்வளவுதான். மடித்து என் கையிலேயே கொடுத்துட்டு, "இதுக்கு ஒரு கிண்ணம்கூட வராதும்மா, நீயே வச்சுக்க" என்றாங்க. வைத்திருக்கிறேன். இதற்கு யாரும் யோசனை சொல்ல வேண்டாம்.

புளியந்தோப்பு மருமகள்:
எங்கள் வீட்டில் நான் போடுவதை ராத்திரி மாமியார் திரும்ப எடுத்து வந்துவிடுவார். அதனால் அவரால் தூக்க முடியாததாகப் பார்த்து ஆட்டுக்கல்லில் ஆரம்பித்தேன். வண்டிக்காரர் கல்லை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். என் வீட்டுக்காரரும் அவர் நண்பரும் உருட்டிப் போய்த் தெருமுனை வேப்ப மரத்தடியில் விட்டார்கள். குழவியைத் தனியாக நிமிர்த்தி வைத்தது யார் என்று தெரியாது. மூன்றாம் நாள் காலை பால் வாங்கப் போனால் குழவிக்கு மஞ்சள், குங்குமம். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சிவப்புத் துணி, எலுமிச்சம்பழம். இப்போது என் மாமியார் தினமும் குளித்துவிட்டுப் போய்க் கும்பிட்டு வருகிறார். வந்து என் நெற்றியிலும் இட்டுவிடுகிறார். அவர் அறிந்துதான் செய்கிறாரா என்று கேட்க எனக்கு தைரியம் வரவில்லை.

பெரம்பூர் பெரியவர்:
ஆட்டுக்கல்லைப் போட்டதே தவறு. அதில் ஆட்டிய மாவின் ருசி கிரைண்டரில் வராது. தேய்ந்திருந்தால் கொத்தினால் போதும், உங்கள் பக்கம் அம்மி கொத்துகிறவர் யாராவது வருவார். இன்றே போய் எடுத்து வந்துவிடுங்கள்.

புளியந்தோப்பு மருமகள்:
கொத்துவதா? சார், அது இப்போது அம்மன்.