ரோச்செஸ்டர் கோபுரம் சரிந்தது மூலையாலா, மண்ணாலா?

உழிஞைப்பூ:
கோட்டைகளில் சதுரக் கோபுரம் ஏன் வழக்கொழிந்து வட்டக் கோபுரம் வந்தது என்பதற்கு, இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டையில் 1215-இல் நடந்த முற்றுகை ஒன்றே போதும். 1127-இல் தொடங்கிய கோபுரம். உயரம் சுமார் 34 மீட்டர், அடிச்சுவரின் கனம் மூன்றரை மீட்டருக்கு மேல். கலகப் பிரபுக்கள் உள்ளே புகுந்துகொள்ள, இங்கிலாந்தின் ஜான் மன்னர் அக்டோபரில் சூழ்ந்தார். ஐந்து கல்லெறி பொறிகள் வைத்து அடித்தும் அந்தச் சுவர் அசையவில்லை. பிறகு தென்கிழக்கு மூலைக்கு அடியில் தோண்டினார்கள். நவம்பர் 25-இல் மன்னர் தம் தலைமை அதிகாரி ஹியூபர்ட் டி பர்குக்கு எழுதிய கடிதத்தில், நல்ல கொழுப்புள்ள, சாப்பிட அவ்வளவாக உதவாத 40 பன்றிகளை உடனே அனுப்பச் சொல்கிறார், கோபுரத்துக்குக் கீழே தீ வைக்க. மூலை விழுந்தது. நவம்பர் 30-இல் சரண். பொறிகளால் முடியாததை ஒரு மூலையின் பலவீனம் செய்து முடித்தது.

நொச்சிவேலி:
மூலை விழுந்தது சரி, கோட்டை அதனால் விழவில்லையே! அந்தக் கோபுரத்தின் நடுவே அடியிலிருந்து மேல் வரை ஒரு குறுக்குச் சுவர் உண்டு. மூலை சரிந்ததும் காவலர்கள் அதற்கு அப்பால் ஒதுங்கிக்கொண்டு மேலும் சண்டை போட்டார்கள். குதிரைகளைக் கொன்று தின்ற பிறகும் வேறு உணவு வராததால்தான் இறங்கி வந்தார்கள். கோட்டைக்குள் போதிய உணவைச் சேர்த்து வைக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. மன்னர் அவ்வளவு விரைவாக வந்துவிட்டார். அவர்களைத் தோற்கடித்தது பசி.

வட்டம் காப்பாற்றும் என்றால் பிரான்சின் நார்மண்டியில் உள்ள ஷாட்டோ கையார் கோட்டையைப் பாருங்கள். ஜானுக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட ரிச்சர்டு மன்னர் 1196 முதல் 1198 வரை சேன் ஆற்றங்கரையில் கட்டியது. அங்கே கோபுரங்கள் வட்டம். உள்மதில்கூட நேர்ச்சுவராக இல்லாமல் அடுத்தடுத்த புடைப்புகளாக வளைந்து போகும். பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்கள் வெளிக்கோட்டையின் முனையில் இருந்த வட்டக் கோபுரத்தையே அடியில் தோண்டிச் சாய்த்தார்கள். 1204 மார்ச் 6-இல் முழுக் கோட்டையும் போனது.

உழிஞைப்பூ:
பசி ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கட்டட இயல்பு என்று ஒன்று இருக்கிறது. மூலையில் இரண்டு சுவர்களின் பாரம் ஒரே இடத்தில் இறங்குகிறது. வெளிப்பக்கம் அதைத் தாங்க எதுவும் இல்லை. அடியில் கொஞ்சம் மண் போனாலே விரிசல் சாய்வாக ஏறி, அந்தத் துண்டு தனியே கழன்றுவிடும். வட்டச் சுவரில் ஒரு பகுதிக்குக் கீழே வெற்றிடம் வந்தால் இரு பக்கக் கற்களும் வளைவுபோல் ஒன்றையொன்று தாங்கும். அதைச் சாய்க்க மிக அகலமாகத் தோண்ட வேண்டும். இதோடு, சதுர மூலைக்கு நேர் வெளியே நிற்கும் ஆள் மீது மேலிருந்து அம்பு எய்வது கடினம். தோண்டுபவனுக்கு வேறென்ன வேண்டும்?

கல்தச்சன்:
இடையில் ஒரு வார்த்தை. இருவரும் சுரங்கம் என்றால் தோண்டினார்கள், விழுந்தது என்று கடந்து போகிறீர்கள். தடித்த கூரை போட்ட பந்தலைச் சுவரோடு ஒட்டி நகர்த்தி, அதன் மறைவில் பிக்காசால் தோண்ட வேண்டும். (முற்றுகை தொடங்கியதுமே, இரவு பகலாகப் பிக்காசு அடித்து அனுப்பும்படி ஜான் பக்கத்து நகரமான கேன்டர்பரிக்கு உத்தரவு போட்டார்.) கடைக்கால் கல்லை ஒவ்வொன்றாக உருவி, உருவிய இடத்தில் உடனே மரமுட்டு. முட்டு பிந்தினால் சுவர் தோண்டுபவன் தலையில். ஈர மண்ணில் முட்டு அமிழ்ந்தால் சுவர் சாயாமல் அப்படியே ஒரு முழம் கீழே இறங்கி உட்கார்ந்துவிடும். அத்தனை உழைப்பும் வீண். கடைசியில் சுள்ளி அடைத்துத் தீ. இங்கேதான் பன்றிக் கொழுப்பு வருகிறது. குழிக்குள் காற்றோட்டம் குறைவு, முட்டோ கனத்த மரம். வெறும் சுள்ளி புகைந்து அணைந்துவிடும். முட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முறிந்தால்தான் சுவர் விழும். அதற்குக் கொழுப்பு தரும் சூடு வேண்டும்.

கையாரில் இன்னொன்றும் நடந்தது. உள்வாசலுக்கு முன் பாறையையே பாலமாக விட்டிருந்தார்கள். அதன் மறைவில் எதிரி தோண்ட, உள்ளே இருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டி அவனை விரட்டினார்கள். ஆனால் இரண்டு குழிகளும் சேர்ந்து மதிலின் அடியைப் பொள்ளலாக்கிவிட்டன. பிறகு கல்லெறி பொறியின் அடிக்கே அது உடைந்தது.

நொச்சிவேலி:
நான் சொல்ல வந்ததும் இதுதான். வடிவத்தைவிட, அடியில் என்ன இருக்கிறது, எதிரி எங்கே நிற்க முடியும் என்பதே பெரிது. 1216-இல், கலகப் பிரபுக்களின் பக்கம் நின்ற பிரெஞ்சு இளவரசர் லூயி, இங்கிலாந்தின் டோவர் கோட்டையின் வடக்கு வாசலில் சுரங்கம் வைத்து ஒரு கோபுரத்தைச் சாய்த்தார். டோவர் சுண்ணப்பாறை: தோண்டவும் எளிது, தானாக இடியவும் செய்யாது. கோட்டையைக் காத்த ஹியூபர்ட் டி பர்கின் ஆட்கள் பிளவில் உத்தரங்களை அடுக்கி அடைத்தார்கள், கோட்டை தப்பியது. பிறகு என்ன செய்தார்கள்? வடக்கே மேட்டுநிலம் எதிரிக்கு வசதி என்பதால் அந்த வாசலையே மூடிவிட்டு, சரிவு கடுமையான மேற்குப் பக்கத்தில் புது வாசல் வைத்தார்கள். நடுவில் நின்ற சதுரக் கோபுரத்தைத் தொடவே இல்லை.

அகழியில் நீர் நின்றால் சுரங்கப் பேச்சே இல்லை. 1266-இல் கலகக்காரர்கள் பிடித்துவைத்திருந்த இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையைச் சுற்றிப் பெரிய ஏரி. ஜூன் முதல் டிசம்பர் வரை அரசப் படையால் உடைக்க முடியவில்லை. செஸ்டரிலிருந்து படகுகள் கொண்டுவந்தும் பலிக்கவில்லை. அங்கே நடுக்கோபுரம் சதுரம்தான். உணவும் உடல்நலமும் கெட்ட பிறகே சரண்.

உழிஞைப்பூ:
டோவர் வாசல் விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோச்செஸ்டரில் ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் விழுந்த மூலையைத் திரும்பக் கட்டியபோது வட்டமாகத்தானே கட்டினார்கள்?

நொச்சிவேலி:
மற்ற மூன்று மூலைகளும் அப்படியே நிற்கின்றனவே! சதுரம் அவ்வளவு ஆபத்து என்று நம்பியிருந்தால் அவற்றையும் மாற்றியிருப்பார்கள்.

கல்தச்சன்:
அதற்குக் கொத்தனார் கணக்கு ஒன்றும் இருக்கலாம். சுவரின் பெரும்பகுதி கென்ட் வட்டாரத்து முரட்டுக் கல். சதுர மூலைக்கு மட்டும் செதுக்கிய கல் வேண்டும்; ரோச்செஸ்டரில் அதை நார்மண்டியின் கான் பகுதியிலிருந்து கடல் வழியாகக் கொண்டுவந்தார்கள். வட்டமாக எடுத்தால் மூலைக்கல்லே வேண்டாம்.