சாண்ட்ரா பிரின்ஸ்லூவுக்கு அந்த ஒரு முத்தம் போதுமா?

கூத்துப்பித்தன்:
'காட்ஸ் மஸ்ட் பி கிரேஸி' படத்தில் போட்ஸ்வானாவுக்குப் பாடம் சொல்லித்தர வரும் டீச்சரை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவர்தான் சாண்ட்ரா பிரின்ஸ்லூ. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர், தென்னாப்பிரிக்காவில், டச்சு வழிவந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழி மேடையில் ஐம்பது வருடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாரும் தொட முடியாத நடிகை. அந்தப் படத்தை வைத்து மட்டும் அவரை எடைபோட்டால் அநியாயம்.

1985, கேப் டவுன், பாக்ஸ்டர் தியேட்டர். சுவீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்கின் 'மிஸ் ஜூலி'. எசமான் வீட்டுப் பெண்ணாக இவர், வேலைக்காரனாகக் கறுப்பின நடிகர் ஜான் கனி. மேடையில் இருவரும் முத்தமிட்டதும் பார்வையாளர்களில் சிலர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். வெள்ளையரும் மற்றவரும் உறவு கொள்வதைக் குற்றமாக வைத்திருந்த நிறவெறி அரசின் சட்டம் அந்த வருடம்தான் நீங்கியது. சட்டம் போனாலும் மனசு போகவில்லை. அந்தக் கூட்டத்தின் முன்னால் இரவுக்கு இரவு நின்ற பெண்ணை நான் மாபெரும் கலைஞர் என்பேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

செல்வி:
நடிப்பில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அண்ணா, 1985க்கு முன்னால் இருக்கும் வருடங்களைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

அவர் படித்த வகுப்பறையில் கறுப்பின மாணவர் ஒருவர் உட்கார முடியாது. அவர் வளர்ந்தது பாக்ட் என்ற டிரான்ஸ்வால் மாகாணக் கலை மன்றத்தில். 1963ல் அரசு தன் பணத்தில் மாகாணத்துக்கு ஒன்றாக நான்கு மன்றங்களைத் தொடங்கியது, அதில் ஒன்று இது. மேடை, விளக்கு, மாதச் சம்பளம், ஊர் ஊராகப் போக வண்டி, எல்லாம் கிடைத்தது. பார்க்க வந்தவர்கள் வெள்ளையர்கள். அதே 1963ல்தான் பெக்கெட், ஆர்தர் மில்லர் உட்படப் பல நாடகாசிரியர்கள், நிறம் பார்த்து ஆளை உள்ளே விடும் அரங்கில் எங்கள் நாடகம் நடக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டார்கள். கேப் டவுனில் 1971ல் நிக்கோ மலான் தியேட்டர் வெள்ளையருக்கு மட்டும் என்றே திறந்தது. எல்லோருக்கும் கதவு திறக்க 1975 ஆனது.

வேறு வழி இல்லை என்று சொல்லாதீர்கள். மேனி மனிம் அதே பாக்டில் நிர்வாகத்தில் இருந்தவர். அதை விட்டுவிட்டு வந்து, இயக்குநர் பார்னி சைமனோடு சேர்ந்து 1976ல் ஜோகன்னஸ்பர்க்கில் மார்க்கெட் தியேட்டரைத் தொடங்கினார். நியூடவுனில் இந்திய வியாபாரிகளின் பழச்சந்தையாக இருந்த பழைய கட்டடம். அங்கே யாரும் நடிக்கலாம், யாரும் பார்க்கலாம்.

கூத்துப்பித்தன்:
செல்வி, மனிம் செய்தது பெரிய காரியம், சரி. ஆனால் எல்லோரும் வெளியேறியிருந்தால் அந்த வெள்ளைப் பார்வையாளரிடம் யார் போய்ப் பேசியிருப்பார்கள்? மார்க்கெட் தியேட்டருக்கு வந்தவர்கள் பாதி மனம் மாறி வந்தவர்கள். பாக்டுக்கு வந்தவர்கள்தான் மாற வேண்டியவர்கள். பி.ஜி. டு பிளெஸ்ஸியின் 'சீனர் இன் டி சபர்ப்ஸ்', ஜோகன்னஸ்பர்க்கின் ஏழை வெள்ளையர் குடும்பம் ஒன்று சிதைவதைக் காட்டும் நாடகம். "நாங்கள் உயர்ந்த குலம்" என்று நம்பிய ஆளுக்கு அதை அவன் மொழியிலேயே காட்ட வேண்டும். 1973ல் படமாக வந்தபோது பிரின்ஸ்லூவும் மாரியஸ் வேயர்ஸும் நடித்தார்கள். ('காந்தி' படத்து ரயில் கண்டக்டர் வேயர்ஸ்தான்.)

ரயிலடி:
இரண்டு பேரும் வெள்ளை நடிகர்களை வைத்தே பேசுகிறீர்கள். ஜான் கனி 1975லேயே நியூயார்க்கில் டோனி விருது வாங்கியவர். அந்த முத்தத்துக்கு அவர் கொடுத்த விலையும் பிரின்ஸ்லூ கொடுத்த விலையும் ஒன்றா? நாடகம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியை நினைத்துப் பாருங்கள்.

வடகரை:
ரயிலடி சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். ஆப்பிரிக்கான்ஸ் வெள்ளையரின் மொழி என்றே இங்கே எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள். 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்களில் கலப்பினத்தவர் சுமார் 34 லட்சம், வெள்ளையர் சுமார் 27 லட்சம்.

கலப்பின எழுத்தாளர் ஆடம் ஸ்மாலின் நாடகம் 'கன்னா ஹை கோ ஹிஸ்டூ' 1965ல் அச்சில் வந்தது. கேப் டவுனின் ஏழைக் கலப்பினக் குடும்பம். நடக்க முடியாத தாய் மக்கீத். கெட்டிக்காரப் பையன் கன்னாவைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்புகிறார்கள். அவன் தலையெடுத்தால் எல்லோரும் கரையேறலாம் என்று காத்திருக்கிறார்கள். அவன் வருவது அம்மாவை அடக்கம் செய்ய மட்டும்தான். அந்த மொழியில் எழுதப்பட்டதிலேயே உச்சம் என்று நான் நினைப்பது இது. 1974ல் பாக்ட் அதை மேடையேற்றியபோது மக்கீத்தாக நடித்தவர் வில்னா ஸ்னைமன். மிக நல்ல நடிகை, வெள்ளையர். வீடும் தெருவும் பறிபோன ஒரு தாயின் அழுகையை, அவரைத் துரத்திய சட்டத்தின் சம்பளத்தில் இன்னொருத்தி அழுதார். அது நன்றாகவே இருந்திருக்கும், அதுதான் எனக்கு ஆறவில்லை.

கூத்துப்பித்தன்:
வடகரை சார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஸ்னைமன் மேடையேறாமல் இருந்திருந்தால் அந்த வெள்ளைக்காரர்கள் மக்கீத் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தை என்னால் விட முடியவில்லை.

செல்வி:
கேட்டார்கள், அழுதார்கள், வீட்டுக்குப் போனார்கள். 1976 ஜூன் 16 அன்று, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவின் பிள்ளைகள் பள்ளியில் ஆப்பிரிக்கான்ஸைத் திணிக்காதே என்று தெருவுக்கு வந்தபோது அந்த அழுகை யாருக்கு உதவியது? பிரின்ஸ்லூ மேல் எனக்குக் கோபம் இல்லை. வயதான பிறகு, தையல் மெஷினை விற்கப்போகும் முதியவளாக 'டி நாய்மஷீன்' நாடகத்தைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்தினாரே, அந்த உழைப்புக்கு வணக்கம். அவரை முன்னோடி என்று எழுதும்போது பக்கத்திலேயே கனியை எழுதுங்கள், முதலில் எழுதுங்கள்.

வடகரை:
ஒரு தகவலோடு நான் முடித்துக்கொள்கிறேன். ஆப்பிரிக்கான்ஸ் இலக்கியத்தின் பெரிய பரிசு ஹெர்ட்சோக் பரிசு. ஸ்மாலுக்கு அதைக் கொடுத்தது 2012ல். 'கன்னா' வந்து 47 வருடம் கழித்து.