ரிச்மண்ட் லக்ரோஸ்: கட்டியதைப் பாராட்டும்போது கலைத்ததையும் பேச வேண்டாமா?

வர்ஜீனியா வாசன்
பல வருடமாக அமெரிக்கக் கல்லூரி லக்ரோஸ் பார்க்கிறேன். முனையில் வலை கட்டிய குச்சியால் பந்தை எறிந்து, பிடித்து, கோல் அடிக்கும் ஆட்டம் அது. ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் அணியை நிறுத்திக் காட்டியவர் யார் என்று கேட்டால், வர்ஜீனியாவின் ரிச்மண்ட் பல்கலைக்கழகக் கோச் டான் கெமோட்டியைத்தான் சொல்வேன். 2012 மே மாதம் மேரிலாந்தின் லயோலா பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வென்றபோது அங்கே தாக்குதல் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்ட உதவிக் கோச் அவர். அதே செப்டம்பரில் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் ஆண்கள் லக்ரோஸை முதல் டிவிஷனில், அதாவது கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டத்தில், தொடங்கப்போவதாக அறிவித்தது. 2014-இல் முதல் சீசன், பெரும்பாலும் முதலாண்டுப் பையன்கள். அந்த அணி தன் பிரிவான அட்லாண்டிக் சன்னின் கோப்பையை வென்று, வந்த வருடமே கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியப் போட்டிக்குப் போனது. 2025-இல் அதே கோச்சின் அணி தேசியப் போட்டியின் முதல் சுற்றில் வட கரோலினாவைத் தோற்கடித்தது. புதிதாக அணி தொடங்கும் எந்தக் கல்லூரியும் ரிச்மண்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

தடகள அப்பா
வாசன் சார், அந்தச் செப்டம்பர் அறிவிப்பில் பாதியை விட்டுவிட்டீர்கள். லக்ரோஸ் வருகிறது என்று சொன்ன அதே மூச்சில், ஆண்கள் கால்பந்தும் தடகளமும் அந்தக் கல்வியாண்டோடு சரி என்றும் சொன்னார்கள்.

என் மகன் வேறொரு கல்லூரியில் 800 மீட்டர் ஓடினான். பெயர் வேண்டாம். இரண்டாம் ஆண்டில் ஒரு புதன்கிழமை மதியம் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலமும் போய் ஓடினான். “ஏண்டா?” என்றேன். “வேற என்னப்பா பண்றது?” என்றான். அவன் ஸ்பைக் ஷூ இன்னும் எங்கள் கராஜில் ஆணியில் தொங்குகிறது. அந்த ட்ராக்கின் சிவப்புத் துகள் அதன் அடியில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஓர் அணி எழுந்த கதையை யாராவது சொன்னால், எதன் மேல் எழுந்தது என்றுதான் முதலில் கேட்பேன்.

கீதா_பால்டிமோர்
அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கலைத்தது நிர்வாகம். கோச்சை ஏன் இதில் இழுக்கிறீர்கள்? என் பையனும் லக்ரோஸ் ஆடுகிறவன், அதனால் கணக்கு எனக்குத் தெரியும். ஒரு முதல் டிவிஷன் ஆண்கள் அணிக்கு அப்போது உச்சவரம்பு 12.6 முழு ஸ்காலர்ஷிப்பின் அளவு. அதை நாற்பது, நாற்பத்தைந்து பேருக்குப் பிய்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான வீடுகள் கட்டணத்தில் பெரும்பகுதியைக் கட்டித்தான் ஆக வேண்டும். தனியார் கல்லூரிகளுக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஏன் ஆசை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1972-இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டப்படி ஆண், பெண் வாய்ப்புகளைச் சமன் பார்க்கவும் வேண்டும். ஆகவே ஆண்கள் பக்கம் ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றின் மேல் கை வைக்கிறார்கள். இதில் கோச் முடிவெடுக்க என்ன இருக்கிறது?

தடகள அப்பா
நீங்கள் சொன்ன கணக்கே என் வாதம்தான் அம்மா. ஓடுகிற பையனுக்கு ஒரு ஜோடி ஷூ போதும். லக்ரோஸுக்கு ஸ்டிக், ஹெல்மெட், கையுறை, தோள் காப்பு, அதற்கு மேல் கோடைகாலப் போட்டிகளுக்கு ஊர் ஊராகப் பயணம். யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள் என்று பாருங்கள். இது வட அமெரிக்காவின் ஹோடனோஷோனி பழங்குடி மக்கள் இறைவன் தந்ததாக மதிக்கும் ஆட்டம். அதை வசதி உள்ளவர்களின் ஆட்டமாக்கியது யார்?

வர்ஜீனியா வாசன்
அந்த மக்கள் ஆட்டத்தை விட்டுவிடவில்லையே. ரிச்மண்ட் முதல் சீசன் ஆடிய அதே 2014-இல், நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான டெவாராட்டன் விருதை ஆல்பனி அணியின் லைல், மைல்ஸ் தாம்சன் சகோதரர்கள் பகிர்ந்துகொண்டார்கள். இருவரும் ஹோடனோஷோனியின் ஒரு பிரிவான ஒனண்டாகா மக்கள் நடுவே வளர்ந்தவர்கள். கதவு முழுக்க மூடிவிட்டது என்று சொல்லாதீர்கள்.

தடகள அப்பா
ரெண்டு பேர் உள்ளே போனதால் கதவு திறந்திருக்கிறது என்று ஆகிவிடாது சார்.

முன்னாள் மேனேஜர்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஒரு சின்னக் கல்லூரியில் லக்ரோஸ் தொடங்கிய முதல் வருடம் நான் மாணவ மேனேஜர். தண்ணீர், பந்துப் பை, வீடியோ எல்லாம் என் பொறுப்பு. புது அணியில் கஷ்டம் என்னவென்றால், சொல்லிக்கொடுக்க சீனியர் இல்லை. தரையில் உருளும் பந்தை எடுக்க இடுப்பை எவ்வளவு தாழ்த்த வேண்டும், ஆட்டத்தைத் தொடங்கப் பந்துக்காக இருவர் மோதும் ஃபேஸ்-ஆஃபில் தோற்றால் மறுநொடி எங்கே ஓட வேண்டும், பஸ்ஸில் யார் பின்னால் உட்காருவது, எல்லாமே கோச் வாயிலிருந்துதான் வர வேண்டும். முதல் மாதம் ஷூட்டிங் பயிற்சியே கிடையாது. சுவரில் பந்தை அடித்துப் பிடிப்பது, வலது கையில் நூறு, இடது கையில் நூறு. ராத்திரி கோச் அலுவலகத் தரையில் உட்கார்ந்து பையன்களின் ஸ்டிக்குக்கு வலை பின்னுவார். ஒரு முடிச்சு இழுத்ததும் பந்தைப் போட்டு ஆட்டிப் பார்ப்பார், சரியில்லை என்றால் அவிழ்த்துவிடுவார். அந்த உழைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவனால் அதைச் சும்மா ஒதுக்க முடியாது.

ஆனால் அப்பா கேட்பதும் நியாயம். எங்களுக்குக் கிடைத்த லாக்கர் அறை, கலைக்கப்பட்ட மல்யுத்த அணியுடையது. லாக்கர்களில் அந்தப் பையன்களின் பெயர்ப்பட்டை அப்படியே இருந்தது. ஒருவன் கிழிக்கப் போனான். கோச் தடுத்து, எங்கள் பெயர்களை அதற்குக் கீழே ஒட்டச் சொன்னார்.

கீதா_பால்டிமோர்
யூட்டா பல்கலைக்கழகத்தையும் பேசலாமே. அங்கே மாணவர் கிளப்பாக இருந்த லக்ரோஸ் அணி 2019-இல் முதல் டிவிஷனுக்கு வந்தது. ஜெட்ப்ளூ விமான நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் நீல்மன் முன்னின்று கொடுத்த நன்கொடை அதற்குக் கைகொடுத்தது. இன்னொரு அணியைக் கலைக்கவில்லை. வட கரோலினாவில் உதவிக் கோச்சாக இருந்த பிரையன் ஹோல்மன் அடித்தளம் போட்டார். 2023-இல் தேசியப் போட்டிக்குப் போனார்கள், அப்போது அவர் அங்கே கோச்சாக இல்லை. ரிச்மண்ட் முதல் வருடமே எட்டியதற்கு இவர்களுக்கு ஐந்தாவது சீசன் வரை ஆனது. அண்ணா, இந்த வழி உங்களுக்குச் சம்மதமா?

தடகள அப்பா
சம்மதம். ஐந்து வருடம் என்ன, பத்து வருடம் ஆனாலும் சம்மதம். பெயர்ப்பட்டையைக் கிழிக்கவிடாத அந்தக் கோச்சை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன். என் மகனுடைய கல்லூரியில் லாக்கரைக் காலி செய்ய அவர்களுக்குக் கொடுத்தது ஒரு வாரம்.