ரிசர்வ் ஆட்களோடு பழகியிருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஹேர்னிங்வாசி:

டென்மார்க்கில் இருக்கிற எங்கள் ஆட்களுக்குத்தான் இந்தக் கேள்வி. ரிசர்வ் என்றால் வேறு வேலை செய்துகொண்டே, தேவைப்படும்போது இராணுவத்துக்குப் போகிறவர்கள் என்று உங்களுக்குத் தெரியும், மேலும் விளக்கத் தேவையில்லை. கனகாலமாக மனதில் கிடக்கிற ஒன்றை இங்கே இறக்கி வைக்கிறேன்.

தொழிற்சாலையில் எங்கள் ஷிப்டில் ஒரு மெக்கானிக் இருந்தார். நாற்பது தாண்டியவர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது. 2009 கடைசியில் ஒரு காலை, கையில் கிரீஸோடு வந்து போர்மனிடம் ஒரு கடதாசியை நீட்டினார். பெப்ரவரியிலிருந்து ஆறு மாதம் லீவு, ஆப்கானிஸ்தானில் ஹெல்மண்ட் போகிறேன் என்றார். போர்மன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். பிறகு, "நாலாம் மெஷினை யார் பார்ப்பது?" என்று கேட்டார். "ஒருவரைப் பழக்கிவிட்டுத்தான் போவேன்." அவ்வளவுதான் பேச்சு. கடதாசி கோப்புக்குள் போனது, மெஷின் ஓடத் தொடங்கியது.

நான் பக்கத்தில் நின்றேன். 1984இல் என் அண்ணா இயக்கத்துக்குப் போனபோது எங்களுக்குக் கிடைத்தது தலையணைக்குக் கீழே இருந்த ஒரு துண்டுக் கடிதம் மட்டும்தான். அம்மா அதை வாசிக்கச் சொல்லிச் சொல்லி என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார். இங்கே ஒரு மனிதன் சண்டை நடக்கும் இடத்துக்கு லீவுக் கடதாசி கொடுத்துவிட்டுப் போகிறான். ஷிப்ட் பலகையில் அவர் பெயர் ஆறு மாதமும் அப்படியே இருந்தது, ஒருவரும் கழற்றவில்லை.

ஆகஸ்டில் திரும்பி வந்தார். நேரே நாலாம் மெஷினுக்குப் போய், பெல்ட்டை யார் மாற்றியது என்று கேட்டார். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். உங்களில் யாராவது இப்படி ஒருவரோடு மனம்விட்டுக் கதைத்திருக்கிறீர்களா?

வைல அக்கா:

எனக்கு நடந்தது சண்டைக் கதை இல்லை அண்ணா, வீட்டுக் கதை.

அம்மம்மாவுக்கு மறதி நோய். கார்த்திகை மாதம், நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலையால் வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, ஆளில்லை. பொலிஸ் வந்தது, நாய் வந்தது, அதற்குப் பிறகு வான்களில் யெம்மவேர்ன் என்கிற தொண்டர் படை ஆட்கள் வந்து இறங்கினார்கள். இராணுவ உடுப்பைக் கண்டதும் என் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 1987இல் எங்கள் வீட்டுக்குள் வந்த உடுப்புகளை அவர் மறக்கவில்லை.

வந்தவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். நாங்கள் சாமான் வாங்கும் கடையில் காசு வாங்குகிறவர். அவர்தான் வந்து கேட்டார்: "பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாட்டி பதில் சொல்வாரா?" அதை யாருமே அதுவரை கேட்கவில்லை. அம்மம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அம்மப்பா ஒருவர்தான், அவரும் போய்ப் பல வருடம். அம்மம்மா என்று கூப்பிடுங்கள் என்றேன். அந்த மனிதர் எனக்கு முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்த்தார், "ம்" சரியாக வரும்வரை சொன்னார். பிறகு போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

காட்டு ஓரமாக வரிசையாக நின்று, தலையில் விளக்கோடு, ஈர நிலத்தில் மெதுவாக நடந்தார்கள். அந்த இருட்டில் "அம்மம்மா, அம்மம்மா" என்று டேனிஷ் குரல்கள். அதை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அம்மா குசினிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்று கேட்டார்.

வேலிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இருந்தார், உயிரோடு. போர்வையால் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்தபோது, இவ்வளவு பேருக்கும் தேத்தண்ணி வைக்க வேண்டுமே என்றுதான் முதலில் சொன்னார். அடுத்த நாள் காலை அந்த மனிதர் கடையில் வழமைபோல இருந்தார். அவருக்கு நன்றி சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

ஓகூஸ் தம்பி:

அக்கா, அம்மம்மா கிடைத்தது பெரிய நிம்மதி. ஆனால் ஒன்றைத் திருத்த வேண்டும். அண்ணா சொன்ன மெக்கானிக் ரிசர்வ், நீங்கள் கண்டவர்கள் யெம்மவேர்ன். இரண்டும் வேறு.

யெம்மவேர்ன் 1949இல் தொடங்கியது. 1940இல் ஜெர்மன் படை சில மணி நேரத்தில் நாட்டைப் பிடித்தது, பிறகு ஐந்து வருட ஆக்கிரமிப்பு. இனி அப்படி நடக்கக் கூடாது என்று, எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து கட்டியெழுப்பிய தொண்டர் படை அது. சம்பளத்துக்காக யாரும் அதில் இருப்பதில்லை. பொலிசுக்கு உதவி, வீதிப் போக்குவரத்து, ஆள் தேடுவது, முக்கிய இடங்களுக்குக் காவல் என்று பெரும்பாலும் உள்நாட்டு வேலை. 2016இல் ஜெர்மன் எல்லையில் திரும்பச் சோதனை தொடங்கியபோது பொலிசுக்குத் துணையாக நின்றவர்களும் அவர்கள்தான். ரிசர்வ் என்பது இராணுவத்தில் பயிற்சி முடித்து, வேறு வேலைக்குப் போனபின்னும் ஒப்பந்தத்தில் பெயரை வைத்திருப்பது. வருடத்தில் சில நாள் பயிற்சி, தேவைப்பட்டால் அழைப்பு. மருத்துவர், தாதி, பொறியியலாளர், சாரதி, பயிற்றுநர் என்று இராணுவம் முழுநேரம் வைத்திருக்க முடியாத ஆட்கள் இந்த வழியால்தான் வருகிறார்கள். 1990களில் பொஸ்னியாவுக்குப் போன பட்டாலியன்களில் பெரும்பகுதி, சேவை முடித்து வீட்டுக்குப் போய், பிறகு ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்கள்.

என் கதை சிறியது. ஹோல்ஸ்டப்ரோ முகாமில் நாலு மாதம் இராணுவச் சேவை செய்தேன், இப்போது படிப்போடு ரிசர்வ். ஒரு பயிற்சியில், விடிய விடிய மழை, பக்கத்தில் படுத்திருந்தவர் என் வாயைத் திறக்கச் சொல்லி நெற்றி விளக்கை அடித்துப் பார்த்தார். "இந்தக் கடைவாய்ப் பல்லை இந்த மாதமே காட்டு" என்றார். பகலில் அவர் பல் வைத்தியர். முகத்தில் சேறு, கையில் துப்பாக்கி, பேச்சு முழுக்கப் பல்லைப் பற்றி.

எங்கள் ஆட்களில் ரிசர்வில் சேர விரும்புகிறவர்களுக்குச் சிலது சொல்ல வேண்டும். முதலில் வேலை இடத்தில் கதையுங்கள். வெளிநாட்டுப் பணிக்குப் போகிறவருக்கு லீவு உரிமை தருகிற சட்டம் இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், கடைசி நேரத்தில் சொன்னால் உறவு கெடும். உங்கள் நிறுவனம் இண்டர்ஃபோர்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். 1999இல் தொடங்கியது அது, ரிசர்வ் ஆட்களுக்கும் தொண்டர்களுக்கும் நேரம் விட்டுக்கொடுப்போம் என்று முதலாளிமார் கையெழுத்து வைக்கிற அமைப்பு. கையெழுத்து வைத்திருந்தாலும் உங்கள் நேரடி மேலதிகாரிக்கு அது தெரியாமல் இருக்கலாம், நீங்களே எடுத்துக் காட்டுங்கள். அப்புறம் வீட்டில் சொல்லுங்கள். கையெழுத்து வைத்தபிறகு அம்மாவிடம் சொல்வது முறையில்லை. உடம்பைக் கவனியுங்கள், முப்பது வயதுக்குப் பிறகு முதுகில் பாரம் தூக்கி ஓடுவது வேறு. ஆவணங்களை ஒரே இடத்தில் வையுங்கள். சம்பளம் யார் எப்போது தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வைல அக்கா:

தம்பி, எந்தப் பெட்டிக்குள் போட்டாலும் எனக்கு அந்த மனிதர் அந்த மனிதர்தான். தவிர, யெம்மவேர்ன் ஆட்கள் வெளிநாட்டுக்கே போவதில்லை என்று நினைக்க வேண்டாம். கொசோவோவில் டேனிஷ் முகாமுக்குக் காவலாக இங்கிருந்து அவர்கள் போயிருக்கிறார்கள். அந்தக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சாந்தி அக்கா, ஹோல்ஸ்டப்ரோ:

முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அங்கே ஒரு ஐயா இருந்தார். இளம் வயதில் கட்டாயச் சேவை முடித்து, பிறகு ஐ.நா. படையில் சைப்ரஸ் போனவர். டென்மார்க் 1964இலிருந்து 1990களின் தொடக்கம்வரை அங்கே ஆள் அனுப்பியது, இந்த ஊர்ப்பக்கத்து வயதானவர்களில் நீலத் தொப்பி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவர் போய் வந்து பண்ணை செய்தவர். கடைசிக் காலத்தில் பிள்ளைகளின் பெயர்கூட நினைவில் இல்லை, சைப்ரஸ் மட்டும் இருந்தது.

இரவு இரண்டு மணிக்கு எழும்பி நடையின் நடுவில் வந்து நிற்பார். நேராக. மருந்துத் தட்டோடு நான் போனால் கையை உயர்த்துவார். ஆங்கிலத்தில் நில் என்பார். எங்கே போகிறாய் என்று கேட்பார். முதல் தடவை என் கால் நடுங்கியது. நாவற்குழியிலும் ஆனையிறவிலும் பஸ்ஸால் இறங்கி அடையாள அட்டையோடு வரிசையில் நின்றவள் நான். என் கை தானாகவே கழுத்தில் இருந்த வேலை அட்டையைக் கழற்றி நீட்டியது.

வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். "தாமதப்படுத்தியதற்கு மன்னிக்க வேண்டும், அம்மணி" என்று சொல்லி விலகி வழிவிட்டார்.

என் வாழ்நாளில் ஒரு சோதனைச் சாவடியில் என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் நடுவில் நின்ற பெடியன் இப்படித்தான் மற்றவர்களிடமும் கதைத்திருப்பானா என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். அவர் போகும்வரை ஒவ்வொரு இரவும் அட்டையைக் காட்டினேன். கூட வேலை செய்தவர்கள் அவரைக் கட்டிலுக்கு அனுப்பச் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை.

ஓடென்ச வாசகன்:

சாந்தி அக்கா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் மற்றவர்கள் எல்லோரும் இதை நல்ல மனிதர்களின் கதையாக மட்டும் சொல்வதை ஏற்க முடியவில்லை. சைப்ரஸ் ஒன்று, ஈராக் வேறொன்று. 2003 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் 61க்கு 50 என்ற வாக்கில் போருக்குப் போக முடிவெடுத்தார்கள். 2007 வரை பாஸ்ராவில் டேனிஷ் பட்டாலியன் இருந்தது. அது டென்மார்க்கின் பாதுகாப்பா? தம்பி சம்பளத்தையும் லீவையும் பற்றி நீளமாக எழுதுகிறார். எங்கே அனுப்புகிறார்கள், எதற்காக என்பதை யார் கேட்பது? குண்டு விழும் ஊரில் இருந்து வந்த நாங்கள் கேட்காமல் யார் கேட்பது?

ஆப்கானிஸ்தானில் 43 டேனிஷ் படையினர் இறந்தார்கள். 55 லட்சம் பேர் இருந்த நாட்டுக்கு அது பெரிய எண்ணிக்கை. அங்கே இறந்த ஊர் மக்களின் கணக்கு இங்கே நினைவுக் கல்லில் இல்லை.

நான் கண்டதையும் சொல்கிறேன். செப்டம்பர் 5, வெளிநாட்டுப் பணிக்குப் போனவர்களுக்கான கொடி நாள். நகரசபைக்கு முன்னால் கூட்டம். எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் பெண் சாதாரண மழைக்கோட்டில், நெஞ்சில் பதக்கத்தோடு, எங்களோடு பின்னால் நின்றார். நீங்கள் ஏன் முன்வரிசைக்குப் போகவில்லை என்று கேட்டேன். "அவர்கள் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தவர்கள். நான் ஒரு வெற்றிடத்தை நிரப்பத் தனியாகப் போனேன். வந்து இறங்கிய அடுத்த கிழமையே தபால் பிரிக்கத் தொடங்கிவிட்டேன். அங்கே என்னோடு இருந்தவர்கள் இப்போது எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது" என்றார்.

முகாமில் இருப்பவனுக்குக் காலையில் எழும்பினால் சுற்றிவர அதே ஆட்கள். ரிசர்வ் ஆளுக்கு, அங்கே நடந்ததைச் சொல்லாமலே புரிந்துகொள்கிற ஒருவரும் வேலை இடத்தில் இல்லை. ஹேர்னிங் அண்ணா, உங்கள் மெக்கானிக் வாய் திறக்காததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ரிங்ஸ்டெட்டில் படைவீரர் நிலையம் இருக்கிறது, 2011இல் திறந்தது. ஆனால் அங்கே போக வேண்டும் என்று ஒருவர் உணர வேண்டுமே.

கிரின்ஸ்டெட் தாய்:

எனக்கும் ஒன்று கிடக்கிறது. மகனின் உதைபந்தாட்டக் கழகத்தில் ஒரு பிள்ளையின் தகப்பன். ரிசர்வ் அதிகாரி, தொழிலில் பள்ளி ஆசிரியர். நாங்கள் யாழ்ப்பாணம் என்று சொன்னதும் அவர் "முகமாலை" என்றார். எனக்குக் கையில் இருந்த கோப்பி ஊற்றுண்டது.

2002 ஒப்பந்தத்துக்குப் பிறகு நோர்வே தலைமையில் வந்த கண்காணிப்புக் குழுவில் அவர் இருந்திருக்கிறார். ஆயுதம் இல்லை, முறைப்பாடு வாங்கி எழுதும் வேலை. மைதானத்து மேசையில் விரலால் ஏ9 வீதியைக் கீறினார், இங்கே இராணுவம், இங்கே புலிகள், நடுவில் நாங்கள் என்றார். பிறகு ஒரு தாயைப் பற்றிச் சொன்னார். மகனைப் படையில் சேர்த்துவிட்டார்கள் என்று முறையிட வந்தவர். ஒவ்வொரு முறையும் அதே படத்தைக் கொண்டுவருவாராம், அது அழுக்காகக் கூடாது என்று ஷொப்பிங் பைக்குள் சுற்றி. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும் டேனிஷ், சுவீடன், பின்லாந்து ஆட்கள் செப்டம்பருக்குள் வெளியேற வேண்டி வந்தது. "அந்தக் கோப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்" என்றார்.

எழுதிக்கொண்டு போனீர்களே, பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. அவர் கண் கலங்கியிருந்தது, பிள்ளைகள் பந்தோடு ஓடி வந்தார்கள். கேட்கவில்லை. அந்தத் தாய் யாரென்று இன்றுவரை தேடுகிறேன்.

ஓகூஸ் தம்பி:

அம்மா, அந்தக் குழு இராணுவப் பணி இல்லை. அவர் தனிப்பட்ட முறையில்தான் போயிருப்பார். ஓடென்ச அண்ணாவுக்கு: எங்கே போவது என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்கிறது, வாக்கு உங்களிடமும் இருக்கிறது. நான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தது ரஷ்ய எல்லையில் இருக்கிற லத்வியாவையும் இந்த நாட்டின் கரையையும் மனதில் வைத்துத்தான். 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபிறகு நிலைமை வேறு. ஆனால் தபால்காரப் பெண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, அதை எங்கள் பிரிவுக் கூட்டத்தில் எழுப்புவேன்.

கிரின்ஸ்டெட் தாய்:

தனியாகப் போனாரோ படையாகப் போனாரோ, அந்தத் தாய்க்கு அது ஒன்றுதான் தம்பி. சரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மகளுக்கு இந்த வருடம் 18 ஆகிறது, கட்டாய இராணுவச் சேவைக்கு ஆள் பார்க்கிற பாதுகாப்பு நாளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. இரவில் நித்திரை இல்லை. போகாமல் விட முடியாதா?

ஓகூஸ் தம்பி:

டேனிஷ் பிரஜை என்றால் போகத்தான் வேண்டும். 2025 ஜூலை 1க்குப் பிறகு 18 வயதாகும் பெண்களுக்கும் ஆண்களுக்கு உள்ள அதே கடமைதான். அன்று மருத்துவப் பரிசோதனை நடக்கும், பிறகு சீட்டு எடுக்கச் சொல்வார்கள். இலக்கம் பெரிதாக வந்தால் விடுதலை. சிறிதாக வந்தாலும், தாங்களாகச் சேர்கிறவர்கள் போதாவிட்டால்தான் அழைப்பார்கள், இதுவரை பெரும்பாலும் தாங்களாகச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் சேவைக்காலம் 4 மாதத்திலிருந்து 11 மாதமாகிறது, அதை மகளுக்குச் சொல்லிவையுங்கள். ஆயுதம் தூக்க மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் பொதுச் சேவைக்கு விண்ணப்பிக்கலாம். வெள்ளம், தீ போன்றவற்றைப் பார்க்கும் அவசரகாலச் சேவையிலும் கட்டாயச் சேவை செய்யலாம், அதை அன்றே கேட்கச் சொல்லுங்கள். பழைய மருத்துவக் கடிதங்கள் இருந்தால் கொண்டுபோகட்டும். என்ன இலக்கம் வந்தது என்று பிறகு இங்கே எழுதுங்கள்.